மூடிய டப்பாவும் முழுமையான ஊட்டச்சத்தும்

மனித குலம் சாப்பிடத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் சாப்பிடுவது எப்படி என்பதை மணியடித்து, வரிசையில் உட்கார வைத்து, கேள்வி கேட்டு, முறையாகக் கற்றுக்கொடுத்த பெருமை எங்கள் பள்ளிக்கே உரியது. அதற்கு முன்பெல்லாம் பிள்ளைகள் பசித்தால் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்தால் நிறுத்தினார்கள். இப்படி ஓர் ஒழுங்கும் இல்லாமல் உலகம் எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று எங்கள் வரலாற்று ஆசிரியரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இந்தச் சாதனையில் அடியேனுக்கும் ஒரு பங்கு உண்டு. நான் அந்தப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். அது என் வேலை. என் அதிகாரம் வேறு. பள்ளியின் கால அட்டவணையைப் போடுகிறவன் நான்தான். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதில் கட்டம் கட்டமாக வண்ண அட்டைகளைச் செருகி வைத்திருப்பேன். கணக்கு சிவப்பு, அறிவியல் பச்சை, மொழி மஞ்சள், பூகோளம் நீலம். ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் செருகினால் போதும், மறுநாள் ஒரு வகுப்பே எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறும். மந்திரிகளுக்குக்கூட இந்தச் சுகம் கிடைக்காது.

அந்தப் பலகையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு வரிசை இருந்தது. அதில் அட்டை எதுவும் கிடையாது. அதுதான் மதியச் சாப்பாட்டு இடைவேளை. எந்த ஆசிரியரும் அதற்காக என்னிடம் வந்து சண்டை போட்டதில்லை என்பதால் நானும் அதைக் கவனித்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. 'மாணாக்கரிடையே ஆரோக்கியமான உணவுப் பழக்கத்தை வளர்க்கும் பொருட்டு நாள்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்கப்படல் வேண்டும். இதன் பொருட்டுப் பிற பாடங்கள் எவ்வகையிலும் பாதிக்கப்படலாகாது.' இதை எழுதியவர் பெரிய ஞானியாக இருக்க வேண்டும். இருக்கிற நாளுக்குள்ளேயே புதிதாக ஒரு பாடவேளையைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியை உடனே கூட்டம் கூட்டினார். எல்லாரும் ஆரோக்கியத்தை ஒருமனதாக ஆதரித்தோம். எந்தப் பாடவேளையை எடுப்பது என்ற பேச்சு வந்ததும் அந்த ஒருமனம் கலைந்தது. கணக்கு டீச்சர் தன் பாடவேளையில் கை வைத்தால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். இதை அவர் வருஷா வருஷம் சொல்வார். ஆனாலும் யாருக்கும் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் வந்ததில்லை. மொழி ஆசிரியர், தாய்மொழியின் கழுத்தில் கத்தி வைப்பதென்றால் தாராளமாக வைக்கலாம் என்று கண்கலங்கினார். எல்லாருடைய பார்வையும் வழக்கம்போல விளையாட்டு ஆசிரியர் மேல் திரும்பியது.

"என்கிட்ட இனி எடுக்க என்ன இருக்கு சார்? பரீட்சைன்னு எடுத்தீங்க, ஆண்டு விழான்னு எடுத்தீங்க. மிச்சம் இந்த விசில்தான். வேணும்னா இதையும் எடுத்துக்குங்க" என்று கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

அப்போது தலைமையாசிரியை பலகையை நிமிர்ந்து பார்த்தார். அவர் விரல் வெள்ளை வரிசையில் போய் நின்றது.

"இது என்ன, காலியா இருக்கு?"

"அது சாப்பாட்டு நேரம் மேடம்."

"அதான் கேக்கறேன். அதுல யாருக்கு வகுப்பு?"

"யாருக்கும் இல்ல மேடம்."

"அப்ப காலிதானே?"

எனக்கு ஒரு நொடி என்னவோ உறுத்தியது. ஆனால் நிர்வாக ரீதியாகப் பார்த்தால் மறுக்க இடமில்லை. அதற்கு நிறம் கிடையாது, அதனால் ஆசிரியரும் கிடையாது, ஆசிரியர் இல்லாத இடத்தில் எதிர்ப்புக்கு ஆள் ஏது? பிள்ளைகளைக் கேட்க வேண்டுமே என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. சாப்பாட்டைப் பற்றிய பாடத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வைப்பதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று தலைமையாசிரியை கேட்க, எல்லாரும் தலையாட்டினோம். நான் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிற அட்டைகளை எடுத்து, வெள்ளை வரிசையை மேலிருந்து கீழ்வரை அடைத்தேன். பலகை அன்றுதான் முழுமை பெற்றது.

வகுப்பை நடத்தும் பொறுப்பு அறிவியல் ஆசிரியருக்கு வந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் புரதம் சார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைப் புரதத்தில் கொண்டுவந்து முடிப்பார். ஒருமுறை இரங்கல் கூட்டத்தில்கூட அப்படி முடித்தார். மணியடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவோடு பெரிய கூடத்துக்கு வந்து வரிசையாக உட்கார வேண்டும். புரதம் சார் மேடையேறிப் படங்களை மாட்டி, கையில் குச்சியோடு பேசத் தொடங்குவார். அவர் மட்டும் முன்கூட்டியே ஆய்வகத்தில் சாப்பிட்டுவிட்டு வருவார். வெறும் வயிற்றோடு ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசினால் குரல் எழும்பாது என்பது அவர் அனுபவம்.

முதல் வாரம் பாடம் கொஞ்ச நேரம்தான் நடந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதில் ஒரு சிக்கல் எழுந்தது. முன்வரிசையில் ஒருவன் டப்பாவைத் திறந்தால் பின்வரிசை முழுக்க மூக்கை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது, வைட்டமின்களை யாரும் கவனிப்பதில்லை என்று புரதம் சார் வருத்தப்பட்டார். உண்மையான உணவு, உணவுக் கல்விக்கு இடைஞ்சலாக இருந்தது. ஆகவே 'உரை முடியும்வரை டப்பாக்களைத் திறத்தல் கூடாது' என்று ஒரு விதி வந்தது. உரையோ, நல்ல உரைகள் எல்லாம் போலவே, மணியடித்த பிறகும் கொஞ்சம் நீண்டது. மணிக்கு அடுத்த பாடவேளை கணக்கு. கணக்கு டீச்சர் கூடத்து வாசலிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

டப்பாக்கள் அதற்காக வீணாய்ப் போகவில்லை. அவற்றைக் 'கற்பித்தல் உபகரணம்' என்று அறிவித்தோம். ஒரு பிள்ளை எழுந்து மூடிய டப்பாவைக் கையில் ஏந்தி, உள்ளே என்ன இருக்கிறது, அதில் எந்தச் சத்து எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு டப்பா பைக்குள் போகும். உணவை நன்றாக மென்று விழுங்குவதற்கும் தனிப் பயிற்சி உண்டு. வாயில் எதுவும் இல்லாததால் பிள்ளைகளின் முழுக் கவனமும் மெல்வதிலேயே இருந்தது. கூடம் நிறைய வெறும் வாய்கள் ஒரே தாளத்தில் மென்றுகொண்டிருக்கும் காட்சியை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்த்தது.

பலன்களைச் சொல்லி மாளாது. குப்பைத் தொட்டிகள் சுத்தமாக இருந்தன. தாழ்வாரத்தில் ஒரு பருக்கை சிந்தவில்லை. குழாயடியில் தள்ளுமுள்ளு நின்றது. சாப்பிட்ட மயக்கத்தில் மதியம் தூங்கி வழிகிற வழக்கம் அடியோடு ஒழிந்தது என்று தலைமையாசிரியை அறிக்கை எழுதினார். பிள்ளைகள் கணக்கு வகுப்பில் தலையைப் பெஞ்சில் சாய்த்தார்கள்தான். ஆனால் அது வேறு மயக்கம். முன்பெல்லாம் மதியத்தில் ஆசிரியர்கள் முறைபோட்டுக்கொண்டு பிள்ளைகளின் பந்தியைக் காவல் காக்க வேண்டியிருந்தது. இப்போது நாங்கள் எல்லாரும் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டு ருசித்துச் சாப்பிட்டோம். உணவுக் கல்வியை இவ்வளவு மனப்பூர்வமாக ஆதரித்த ஆசிரியர்களை வேறெங்கும் காண முடியாது.

இதில் ஒரு சின்னச் சங்கடம் என் வீட்டில்தான் இருந்தது. என் மகள் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். பள்ளி திறந்த புதிதில் காய்ச்சல் வந்து, படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து எழுந்தவள். உடம்பு தேற வேண்டும், மதியச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். விடியற்காலையில் எழுந்து, கேரட்டை நட்சத்திரமாக நறுக்கி, முட்டையை அவித்து, பழத்தைத் தோலுரித்து, டப்பாவில் அடுக்கி அனுப்புவாள். சாயங்காலம் அது நட்சத்திரம் கலையாமல் திரும்பி வரும்.

"நேரம் பத்தலம்மா" என்பாள் சிட்டு.

அவ்வளவு நேரம் விடுகிறார்களே, அது எப்படிப் பத்தாமல் போகும் என்று மனைவி என்னைப் பார்ப்பாள். பிள்ளைகள் என்றால் அரட்டை அடிக்கத்தான் செய்வார்கள் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அரட்டை அடிக்கிறவர்கள்தான். அலுவல் ரகசியத்தை வீட்டில் பேசக் கூடாது என்பது என் கொள்கை.

ஒருநாள் அவள் சிட்டுவின் சீருடைப் பாவாடையை மடியில் போட்டு இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை பிடித்துத் தைத்தது. மறுபடியும் நழுவுகிறது என்றாள். வளர்கிற பிள்ளையின் துணியைப் பிரித்துப் பெரிதாக்கித்தான் அவளுக்குப் பழக்கம். இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சின்னதாக்குகிறாள். ஊசியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, என் கைப்பக்குவம் போயிடுச்சா? மறைக்காமச் சொல்லுங்க."

பிரமாதமாக இருக்கிறது என்றேன். நானும் மதியம் அதே சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறேன், என் டப்பா கழுவி வைத்ததுபோலத்தானே வருகிறது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அப்படியென்றால் பிள்ளைக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை என்று அழ ஆரம்பித்தாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அன்றைய தாளில் சுவாரசியமாக ஒன்றும் இல்லாதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

எங்கள் புகழ் கல்வி அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியை பெற்றோர்களையும் அழைத்துவிட்டார். மேடையில் பேசுவதற்கு வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் புரதம் சார் யோசிக்கவேயில்லை. சிட்டுவைச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெற்றோர் வர வேண்டிய அவசியம் இல்லை, சம்பிரதாயத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள், கடையை ஏன் வீணாகப் பூட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மகள் மேடையேறுவதைப் பார்க்காமல் கடை என்ன கடை என்று அவள் கிளம்பிவிட்டாள். வந்த அவசரத்தில் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள்.

மணி அடித்தது. மேற்பார்வையாளர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பெற்றோர்கள் சுவரோரம் நாற்காலிகளில் இருந்தார்கள். பிள்ளைகள் மடியில் மூடிய டப்பாக்களோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். புரதம் சார் அன்று தன் வாழ்நாளிலேயே சிறந்த உரையை ஆற்றினார். பிறகு மெல்லும் பயிற்சி நடந்தது. பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் தாடைக்கு இப்படி ஓர் உடற்பயிற்சி போலிருக்கிறது என்று என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு தந்தை விளக்கம் சொன்னார்.

சிட்டு மேடையேறினாள். குரல் கணீரென்று இருந்தது. "மதிய உணவைத் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால் கவனம் சிதறும். உடல் மெலியும். எலும்புகள் வலுவிழக்கும்" என்று ஓர் எழுத்து பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கையால் படங்களைச் சுட்டிக் காட்டினாள். இன்னொரு கையைப் பாவாடை இடுப்பிலிருந்து கடைசிவரை எடுக்கவேயில்லை. விட்டால் விழுந்துவிடும். கூடத்தில் எல்லாரும் பேச்சைக் கேட்டார்கள். தையல்காரி மட்டும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். பழக்கப்பட்ட கைகள் டப்பாக்களைப் பைக்குள் திணித்தன. வாசலில் கணக்கு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், பிள்ளைங்க எப்ப சாப்பிடுவாங்க?"

என் மனைவிதான் எழுந்து நின்றிருந்தாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. புரதம் சார் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் கூரையைப் பார்த்தேன். எங்கள் நிர்வாகத்தில் பொறுப்பு எப்படி மேலிருந்து கீழே தடங்கலின்றி வந்து சேர்கிறது என்பதை மேற்பார்வையாளர் நேரில் கண்டார்.

என் மனைவி நேராக நடந்துபோய் மேடைப் படியில் உட்கார்ந்தாள். சிட்டுவின் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். அடுக்கியது அடுக்கியபடி இருந்தது.

"வாயைத் திற."

சிட்டு தயங்கினாள். புரதம் சாரைத் திரும்பிப் பார்த்து, "சார், இப்ப திறக்கலாமா?" என்று கேட்டாள்.

புரதம் சார் நல்ல மனிதர். சரியென்று தலையை ஆட்டினார். சிட்டு வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகு யாரும் அனுமதி கேட்கவில்லை. கூடம் முழுக்க மூடிகள் திறக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் நின்றபடியும் நடந்தபடியும் சாப்பிட்டார்கள். கேரட்டும் பட்டாணியும் உருண்டன. வாசலில் கணக்கு டீச்சர் வாயைத் திறந்து, என்னவோ நினைத்து மூடிக்கொண்டார். தலைமையாசிரியை எத்தனை பெரிய நிர்வாகி என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மேற்பார்வையாளர் பக்கம் குனிந்து, கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னார்.

"இது செய்முறைப் பகுதி சார்."

மேற்பார்வையாளர் அசந்துபோனார். எத்தனையோ பள்ளிகளில் உணவுக் கல்வியைப் பார்த்திருக்கிறேன், உணவோடு சேர்த்து நடத்துவதை இங்கேதான் பார்க்கிறேன் என்றார். ஒரு சிறுமி நீட்டிய வாழைப்பழத் துண்டை வாங்கிச் சாப்பிட்டார். இந்தச் செய்முறைக்கு அட்டவணையில் எந்தப் பாடவேளை என்று என்னைக் கேட்டார். எல்லா ஆசிரியர்களும் ஒரே சமயத்தில் என்னை முறைத்தார்கள். நாளைக்குப் பலகையில் காட்டுகிறேன் என்று மழுப்பினேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிட்டு தன் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"என் சமையல்லதான் ஏதோ குத்தம்னு தினம் அழுதேனே. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சீங்களே. உங்களால எப்படிங்க முடிஞ்சுது?"

நிர்வாகச் சிக்கல்களை விளக்கலாம் என்று நினைத்தேன். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன் பள்ளிக்குப் போனேன். கணக்கின் சிவப்பைத் தொட முடியாது. மொழியின் மஞ்சளைத் தொட்டால் கண்ணீர். விளையாட்டு ஆசிரியரிடம் விசிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் நாளுக்கு ஒன்றாக இருந்த என் நீல அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முன்னும் பின்னும் பாடவேளைகளை நகர்த்தி, எல்லா வகுப்புக்கும் சேர்ந்தாற்போல ஓர் இடம் செய்து, 'ஊட்டச்சத்துச் செய்முறை' என்று எழுதிச் செருகினேன். எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது எரிமலைகள் எங்கே இருக்கின்றன என்று சரியாகத் தெரியாது. ஆனால் மதியம் சாப்பிடுகிறார்கள். பாவாடையை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கிறது, இந்தத் தடவை பெரிதாக்க, என்று மனைவி சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. தையல் இயந்திரத்திடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சில நாள் கழித்துப் பாராட்டு வந்தது. பிள்ளைகள் பாடவேளையில் உண்மையாகவே சாப்பிடும் ஒரே பள்ளி என்று எங்களை முன்மாதிரியாக அறிவித்து, அட்டவணை அமைத்த எனக்குக் கேடயம் ஒன்றும் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அதை மேசை நடுவில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். இத்தனை நாளாகப் பேசாமல் இருந்த மனைவியும் கோபம் கொஞ்சம் தணிந்து பரிமாறினாள். அந்த உற்சாகத்தில் எனக்குப் பேச்சு பீறிட்டு வந்தது. உணவுக் கல்வியின் எதிர்காலம் பற்றிச் சொன்னேன். மற்றப் பள்ளிகளுக்கும் போய் உரையாற்ற அழைத்திருப்பதைச் சொன்னேன். சாப்பிடும்போது பிள்ளைகளின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக விளக்கிக்கொண்டு போனேன்.

சிட்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிக் கேட்கிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கும் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அப்போதுதான் அவள் தட்டைக் கவனித்தேன். பரிமாறியது பரிமாறியபடி ஆறிப்போயிருந்தது.

"ஏண்டா கண்ணு, சாப்பிடல? பிடிக்கலையா?"

"பிடிக்கும்ப்பா" என்றாள் சிட்டு, ரொம்ப மரியாதையாக. "நீங்க இன்னும் பேசி முடிக்கலையே."